அறுப்பின் பண்டிகை ஏலத்துச் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த ஜூடித், சர்ச் வாசலில் ஒரு பொய் சொன்னாள்.

சபையின் பொருளாளர் அலெக்சாண்டர் ஐயா சட்டைப் பையில் இரண்டு பேனாக்களைச் செருகிக்கொண்டு, வருவோர் போவோருக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், "என்னம்மா ஜூடித், சைக்கிள் எப்படி ஓடுது? ஷோபா அதைப் பூ மாதிரி வச்சிருந்தா" என்றார். ஷோபா அவருடைய மகள். ஆறு வாரத்துக்கு முன்னால் அறுப்பின் பண்டிகைக்கு அந்தச் சைக்கிளை அவர் காணிக்கையாகக் கொடுத்திருந்தார்.

"நல்லா ஓடுதுங்கய்யா" என்றாள்.

"கால் ஏன் விந்துது?"

"சுளுக்கு" என்று அவளை முந்திக்கொண்டு சொன்னார் அவள் கணவர் ஆண்ட்ரூ. சொல்லிவிட்டு அவள் முழங்கையைப் பிடித்து நகர்த்தினார்.

லிங்கராஜபுரத்தின் அந்தச் சின்னத் தெருவில் வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை. பேசாமல் நடப்பது அவர்களுக்குப் புதிதல்ல. ஆண்ட்ரூ இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரெக்கார்டு கிளார்க். நாளெல்லாம் பழைய ஃபைல்களோடு இருந்து இருந்து அவற்றின் குணமே அவருக்கும் வந்துவிட்டது. கேட்டால்தான் திறப்பார், கேட்டதை மட்டும் காட்டுவார். ஜூடித்தும் பேச்சுக்காரி இல்லை. ஆனால் அன்று அவள் பேசாமல் வந்ததற்குக் காரணம் வேறு. வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியவில்லை.

பூ மாதிரி வைத்திருந்தாளாம்.

அந்தப் பூ வெள்ளிக்கிழமை விடிகாலை ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கும் சரிவில் அவளைத் தூக்கி எறிந்தது. முன்சக்கரம் ஒரு வாரமாகவே முனகிக்கொண்டிருந்தது. அன்று ஏதோ பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம், அடுத்த கணம் சக்கரம் நின்றுவிட்டது. சைக்கிள் நின்றது, ஜூடித் நிற்கவில்லை. கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, யூனிபார்ம் கோட்டின் இரண்டு பொத்தான்கள் தெறித்துப் போயின. ஆறு மணிக்கு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பெனி பஸ் அவள் இல்லாமல் ஹெப்பகோடிக்குப் போயிற்று. சனிக்கிழமைக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்தாள். நொண்டிக்கொண்டு தெருமுனையில் போய் நின்று நின்று பார்த்தாள். அவர் வரவில்லை. பஸ் அன்றும் போய்விட்டது.

அவள் வேலை பார்க்கும் ஃபேன் கம்பெனியில் சட்டம் எளிமையானது. பஸ்ஸை மூன்று முறை தவறவிட்டவர் நான்காவது நாள் கேட்டைத் தாண்ட முடியாது. கம்பெனி பானஸ்வாடிப் பக்கம் இருந்தபோது இந்தத் தொல்லையே இல்லை. இருபது நிமிட நடை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஹெப்பகோடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டவுன் பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறிப் போனால் கேட் மூடிய பிறகுதான் போய்ச் சேரலாம். நாற்பத்தெட்டு பெண்கள் வேலையை விட்டார்கள். ஜூடித் விடவில்லை. நாலரை மணிக்கு எழுந்து, நாய்களுக்குப் பயந்து கையில் குச்சியோடு ஏரிவரை நடந்தாள். அதற்குத்தான் அவளுக்குச் சைக்கிள் வேண்டியிருந்தது.

இரண்டு போயாயிற்று. நாளை திங்கட்கிழமை மூன்றாவது. சுளுக்கிய காலால் பெடலை மிதித்துவிடலாம், அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நாளைக் காலைக்குள் அந்த முன்சக்கரம் சுற்றியாக வேண்டும்.

*

விளைச்சலுக்கு நன்றியாகச் சபையார் கொண்டுவரும் காணிக்கைகளைக் கூவி விற்பதுதான் அறுப்பின் பண்டிகை ஏலம். அதில் எந்தப் பொருளும் அதன் விலைக்குப் போவதில்லை. பூசணிக்காய் ஒன்று ஆட்டின் விலைக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப மேசையில் வைப்பார், இன்னொருவர் எடுப்பார். ஒரே முட்டை ஆறு கை மாறி ஏழாவது கையில் உடைந்த வருடமும் உண்டு. ஆண்டவருக்கென்று வந்த பொருளை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிப் பார்த்து, உள்ளே அழுகியிருந்தால் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஏனென்றால், குறை சொன்னால் அது கொடுத்தவரோடு நிற்காது. வாங்கிக்கொண்ட ஆண்டவர் வரைக்கும் போகும்.

ஏலம் விடுவது வருடாவருடம் ஆண்ட்ரூதான். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட ஜாடியைக் கண்ணால் காட்டுகிற மனிதருக்கு, அந்த மேடையில் ஏறினால் எங்கிருந்தோ ஒரு குரல் வரும். கனத்த, உருண்ட குரல். வருடத்தில் ஒரு நாள் மட்டும் கேட்கக் கிடைக்கும் அந்தக் குரலுக்காகவே ஜூடித் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்காருவாள்.

இந்த வருடம் அந்த நீலநிற லேடீஸ் சைக்கிள் மேடைக்கு வந்தது. துடைத்துப் பளபளவென்று இருந்தது. அலெக்சாண்டர் ஐயாவின் மச்சான் முதல் தொகை கேட்டார். ஜூடித் ஒரு வாரமாக மனசுக்குள் போட்டுப் பார்த்திருந்த தொகையைச் சொல்லிக் கையைத் தூக்கினாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்தச் சபையில் அவள் குரல் தனியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சபை திரும்பிப் பார்த்தது. மச்சான் புரிந்துகொண்ட முகத்தோடு கும்பிட்டு உட்கார்ந்தார். "அவங்களுக்கே போகட்டும். பாவம், விடியறதுக்கு முன்னாடி நடந்து போறாங்க" என்று யாரோ சொல்ல, முந்நூறு பேரும் கை தட்டினார்கள். அந்தப் 'பாவம்' அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கையை இறக்கவில்லை.

"ஒரு தரம்" என்றார் ஆண்ட்ரூ. "ரெண்டு தரம்."

அதன்பின் நின்றுவிட்டார். கைத்தட்டல் ஓய்ந்தது. மேலே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஆண்ட்ரூ மேடையிலிருந்து நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமோ. போதகர்கூட நிமிர்ந்து பார்த்தார். பிறகுதான், மெதுவாக, "மூணு தரம்."

அந்த மௌனத்தை ஜூடித் வீட்டுக்கு எடுத்துவந்தாள். நல்ல புடவையை மடித்து வைப்பதுபோல் வைத்துக்கொண்டு, விடிகாலை சைக்கிளில் போகும்போது எடுத்து எடுத்துப் பார்த்தாள். பேசத் தெரியாத மனிதர், முந்நூறு பேர் முன்னால் பெண்டாட்டியை நினைத்துப் பெருமைப்பட்டு வாயடைத்துப் போனார் என்று.

*

சனிக்கிழமை சாயங்காலம் ஆண்ட்ரூ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, அவள் நொண்டியபடி கூடவே நாகேஷின் கடைக்குப் போனாள். நாகேஷ் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சை உருவி, உள்ளே இருந்த குண்டுகளை ஒரு தகர மூடியில் கொட்டினான். பாதி குண்டுகள் உடைந்து, உளுந்து நொய் மாதிரி கிடந்தன.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் இரண்டு முனையிலும் கிண்ணம் மாதிரி ஒரு இரும்பு வளையம் இறுகி உட்கார்ந்திருக்கும். கப்பு என்பார்கள். அதில்தான் குண்டுகள் உருளும். நாகேஷ் ஒரு பக்கத்துக் கப்பை விரலால் தடவிப் பார்த்து, "இது ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு" என்றான். மறுபக்கம் திருப்பினான். உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினான். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தான்.

"இது ஆகல்ல, தேறாது அக்கா. கப்பு கோணலா ஒக்காந்து வெடிச்சிருக்கு. அதுக்கு மேல யாரோ பசை போட்டு ஒட்டி வச்சிருக்கான். மெக்கானிக் எவனும் கப்பை ஒட்ட மாட்டான். யாரோ பெரிய இஞ்சினியர் வேலை."

ஆண்ட்ரூ சுவரில் தொங்கிய டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஹப்பே மாத்தணும். கம்பியெல்லாம் அவுத்துத் திரும்பக் கோக்கணும். செவ்வாய்க்கெழம வாங்க."

"திங்கக்கெழம காலைல எனக்கு வேணும்."

"நாளைக்குக் கடை லீவு அக்கா. தம்பிக்கு நிச்சயம், ஹொஸ்கோட்டே போறேன்."

ஜூடித் யோசித்தாள். "கப்பு மட்டும் வெளிய வந்துட்டா?"

"வந்துட்டா புதுசு போட்டு அடிச்சுக்கலாம். வரணுமே." ஆனாலும் அவன் நல்லவன். புதுக் கப்பு ஒன்றும், காகிதத்தில் மடித்த குண்டுகளும், கொஞ்சம் கிரீசும் கொடுத்தான். "ட்ரை பண்ணிப் பாருங்க. வரலன்னா என்னைத் திட்டாதீங்க, அந்த இஞ்சினியரைத் திட்டுங்க."

அன்று ராத்திரி படுக்குமுன் கோட்டுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். பொத்தான் டப்பாவைக் காணவில்லை. அக்கா அன்னா குவைத்திலிருந்து கொண்டுவந்த மிட்டாய் டப்பா அது. பச்சைத் தகரத்தில் சின்னச் சின்ன ரோஜாக்கள். பொத்தான்கள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி அலமாரிக்குள் கிடந்தன. "டப்பா எங்கங்க?" என்றதற்கு, "எங்கயாவது இருக்கும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் ஆண்ட்ரூ.

*

ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் ஜூடித் சக்கரத்தை முற்றத்துக்குத் தூக்கிவந்தாள். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், நடுவில் குழாய். குழாயடியில் இரண்டு செங்கற்களை இடைவெளி விட்டு வைத்து, ஒட்டியிருந்த கப்பு கீழே இருக்கும்படி சக்கரத்தை அவற்றின்மேல் படுக்க வைத்தாள். மேலிருக்கும் நல்ல கப்பின் ஓட்டை வழியாக நீளமான திருப்புளியை உள்ளே இறக்கினாள். கீழ்க் கப்பின் உள்விளிம்பு நகத்தளவு தட்டுப்பட்டது. அங்கே முனையை வைத்துச் சுத்தியால் தட்டினாள்.

வேலை அவளுக்குத் தெரியாததல்ல. பத்து வருடமாக ஃபேன் மோட்டாருக்குள் பேரிங் ஏற்றுகிற கை அது. மயிரிழை கோணினாலும் ஃபேன் முனகும். அந்த முனகல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் அவள் ஏற்றியதெல்லாம் உள்ளேதான். வெளியே எடுத்ததில்லை. கோணலாக ஏறியது சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். அதன்பிறகு அதை யார் என்ன செய்கிறார்களென்று யாரும் கேட்டதில்லை.

உள்ளே ஏற்றும்போது ஒரே இடத்தில் அழுத்தக் கூடாது. வெளியே எடுக்கவும் அதுதானே நியாயம் என்று, கடிகார முகத்தில் இருப்பதுபோல் பன்னிரண்டில் ஒரு தட்டு, ஆறில் ஒரு தட்டு, மூன்றில், ஒன்பதில் என்று சுற்றிச் சுற்றித் தட்டினாள். டங், டங் என்று முற்றம் முழுக்க எதிரொலித்தது. கப்பு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் தட்டினாள். அசையவில்லை.

ஒவ்வொரு தட்டுக்கும் அவளுக்கு ஆத்திரம் ஏறியது. கெட்டதென்று தெரிந்தே கொடுத்திருக்கிறார். ஆடுகிற கப்பைப் பசை போட்டு ஒட்டி, மேலே துணியால் துடைத்து, மாலை போட்டு மேடைக்கு அனுப்பியிருக்கிறார். அதற்குப் போதகர் அரைமணி நேரம் நன்றி சொல்லியிருக்கிறார். இன்றைக்கு இவள் வேறு, நல்லா ஓடுதுங்கய்யா.

ஆண்ட்ரூ வாசற்படியில் வந்து நின்றார். "விடு ஜூடி. செவ்வாக்கெழம நாகேஷ் பாத்துக்குவான்."

"செவ்வாக்கெழம எனக்கு வேலை இருந்தாதானே சைக்கிள் வேணும்?"

"நான் வேணா அந்த ஆட்டோக்காரன்கிட்ட இன்னொரு தரம்..."

"அவன் பேச்சு நேத்தே பாத்தாச்சு."

"எடுத்து என்ன செய்யப் போற?"

"புதுசு போடுவேன். பழசைக் கைக்குட்டைல கட்டிச் சாயங்கால ஆராதனைக்குக் கொண்டுபோவேன். காணிக்கைத் தட்டு வரும்ல, அதுல வைப்பேன். எண்றது அலெக்சாண்டர் ஐயாதானே, எண்ணட்டும்."

ஆண்ட்ரூவின் முகம் வெளுத்தது. "ஆண்டவருக்குக் கொடுத்த பொருள், ஜூடி."

"ஆண்டவர் ஓட்டிப் பாத்திருந்தா அவரும் விழுந்திருப்பார்."

குழாயில் குடம் வைத்திருந்த எதிர்வீட்டுச் சந்திரம்மா இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏ ஜூடித், ஞாயித்துக்கெழம அதுவுமா யாரைப் போட்டு இந்த அடி அடிக்கிற?"

"வராதவனை, சந்திரம்மா."

"வராதவனை அடிச்சா இன்னும் உள்ளதான் போவான். எங்க வீட்ல இருக்கு பாரு ஒண்ணு, முப்பது வருஷமா."

ஜூடித்துக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்புளியின் முனையை எடுத்து முகர்ந்தாள். மண்ணெண்ணெயையும் மீறி ஒரு கவிச்சி வாடை. எங்கே முகர்ந்த வாடை இது? கம்பெனியில் பெயர்ப்பலகை ஒட்டும் மேசை நினைவுக்கு வந்தது. இரண்டு ட்யூபைக் கலந்து ஒட்டும் பசை. தப்பாக ஒட்டிய பலகையைக் கத்தியால் நெம்பினால் வளைந்துவிடும். அந்த மேசையிலிருக்கும் ஜகதாம்பாள் அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவாள். திரும்பி வந்து நகத்தால் உரிப்பாள்.

ஜூடித் எழுந்து உள்ளே போய் ஸ்டவ்வில் தண்ணீர் வைத்தாள்.

"எதுக்கு?" என்றார் ஆண்ட்ரூ.

"வெந்நீர் ஊத்தினா பசை இளகும்."

"ஊத்தாத. துருப் பிடிக்கும்."

அன்று அவர் சொன்னதிலேயே வேகமாகச் சொன்ன சொல் அதுதான். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு டயரையும் ட்யூபையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஹப்பைச் சுற்றிப் பழந்துணி கட்டி, கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். சந்திரம்மா, "அய்யய்ய, குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி" என்று குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

முதல் பாத்திரத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது பாத்திரம் ஊற்றி, ஆவி அடங்குமுன் திருப்புளியை இறக்கித் தட்டினாள். பன்னிரண்டில் டங். ஆறில் டங். மூன்றில் தட்டியபோது சத்தம் மாறியது. டொக் என்றது. அவள் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தட்டினாள். டொக். அப்புறம் அவள் அவசரப்படவில்லை. சுற்றிச் சுற்றி, ஒரே பலத்தில், ஒரு பக்கம் முந்தாமல் தட்டிக்கொண்டே வந்தாள். பதினைந்தாவது தட்டோ இருபதாவதோ, செங்கற்களுக்கு நடுவே கப்பு தொப்பென்று விழுந்தது.

எடுத்துப் பார்த்தாள். குறுக்கே வெடித்திருந்தது. வெளிப்புறம் முழுக்க மஞ்சள் பசை, கொழகொழவென்று. பசைக்குள் ஏதோ சுற்றியிருந்தது. நகத்தால் நெம்பினாள், உரிந்து வந்தது. விரல் அகலத் தகரத்துண்டு. ஹப்பின் வாய் தேய்ந்து கப்பு ஆடினால் இப்படித் தகடு சுற்றி இறுக்குவது உண்டுதான். சுற்றியவர் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி விட்டிருந்தார். அதனால்தான் கோணல். அதனால்தான் வெடிப்பு.

தகட்டைத் துணியால் துடைத்தாள். பச்சை. பச்சையில் ஒரு முழு ரோஜாவும், வெட்டுப்பட்ட அரை ரோஜாவும்.

ஜூடித் குந்தி உட்கார்ந்தபடியே இருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சந்திரம்மா ஏதோ கேட்டாள், பதில் வராமல் குடத்தோடு உள்ளே போய்விட்டாள்.

"ஏங்க."

படியில் அசைவில்லை.

"அன்னா கொடுத்த டப்பா எங்க?"

"வெட்டிட்டேன்" என்றார்.

*

விஷயம் சின்னதுதான். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் அலெக்சாண்டர் ஐயா சைக்கிளை அனுப்பினார். முன்சக்கரம் தள்ளாடியது. 'கொஞ்சம் பாத்து வை தம்பி, மேடைல ஆடாம நின்னா போதும். யாரும் ஓட்டப் போறதில்ல. என் மச்சான் எடுத்துத் திரும்ப சர்ச்சுக்கே கொடுத்துடுவான், வாட்ச்மேன் ரூம்ல கிடக்கும்' என்றார். கமிட்டியில் பொருள்களைத் துடைத்து அடுக்கும் பொறுப்பு ஆண்ட்ரூவுக்கு. ஜூடித் வேலைக்குப் போயிருந்த மத்தியானம் வீட்டுக்கு வந்து, கையில் கிடைத்த டப்பாவை வெட்டிச் சுற்றி, பசை வைத்து அடித்துவிட்டுப் போனார்.

இதை அவர் ஒவ்வொரு வாக்கியமாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜூடித் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் கை தூக்கினேன்."

"ம்."

"அப்ப சொல்லியிருக்கலாம்."

"முந்நூறு பேர் இருந்தாங்க, ஜூடி."

"சரி. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். வீட்ல நான் ஒருத்திதானே."

அவர் தரையைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அப்பறம் அது நல்லாத்தான் ஓடுச்சு."

"நான் ரயில்வே கேட்டுகிட்ட விழுந்து எந்திரிச்சு வந்தேனே. அன்னிக்கு?"

ஆண்ட்ரூ ஓரமாகக் கிடந்த டயரை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நேத்து அந்த நாகேஷ் இஞ்சினியர் இஞ்சினியர்னு சிரிச்சான். கூடவே நின்னீங்க. காலைல ஐயா கேக்கறாரு, என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரீங்க. நானும் ரெண்டு மணி நேரமா அந்த ஆளை மனசுல போட்டு அடிச்சிட்டிருக்கேன். பாத்துட்டே நின்னீங்க."

இதுநாள்வரை அவருடைய பேசாமையை அவள் அவருடைய நல்ல குணங்களில் ஒன்றாகத்தான் எண்ணி வந்திருந்தாள். குடிக்காதவர், கை நீட்டாதவர், அதிர்ந்து பேசாதவர் என்று அன்னாவுக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் எழுதுவாள். ஒரு மனிதன் வாயே திறக்காமல் ஒருத்தியை இவ்வளவு தூரம் கொண்டுவந்து தள்ள முடியும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

"ரெண்டு தரம்னு சொல்லிட்டு நின்னீங்களே மேடைல" என்றாள். குரல் கொஞ்சம் பிசிறியது. "அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா உங்களுக்கு?"

"என்ன நெனச்ச?"

அவள் சொல்லவில்லை. அதை இப்போது வாயால் சொல்ல நா கூசியது. ஆறு வாரமாக மடித்து வைத்திருந்ததை அவரிடம் பிரித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அவளுடைய ஏமாற்றத்தில் அந்த ஒரு பங்காவது அவளுக்கே இருக்கட்டும்.

"டப்பால மிச்சம் இருக்கா?"

ஆண்ட்ரூ உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வந்தார். பாதி வெட்டிய டப்பா, ஒரு செய்தித்தாளில் சுற்றி. தூக்கிப் போடவும் மனம் வராமல், காட்டவும் தைரியம் வராமல் வைத்திருந்திருக்கிறார்.

தேய்ந்த ஹப்பில் புதுக் கப்பும் ஆடத்தான் செய்யும். தகடு வேண்டும். ஜூடித் கத்தரியால் இன்னொரு துண்டு வெட்டினாள். கப்பைச் சுற்றி வைத்துப் பார்த்து, முனைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், ஏறாமல், இடைவெளி விடாமல் நறுக்கினாள். "பிடிங்க" என்றாள். ஆண்ட்ரூ சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். கப்பின்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை. கடைசித் தட்டில் சத்தம் கெட்டியாக வந்தது. உட்கார்ந்துவிட்டது.

"தகடு வச்சது தப்பில்ல" என்று குண்டுகளைக் கிரீசில் ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டே சொன்னாள். "நானும் அதைத்தான் வச்சிருக்கேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் குண்டுக் காகிதத்தை அவள் கைக்கருகே நகர்த்தினார்.

அச்சைப் போட்டு முறுக்கி, ட்யூபையும் டயரையும் திரும்ப மாட்டி, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டாள். காதை அருகே கொண்டுபோனாள். சுற்றியது. சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது.

வெடித்த கப்பைக் கைக்குட்டையில் வைத்து முடிந்து அவரிடம் நீட்டினாள். "ஆராதனைக்கு நேரமாச்சு. நான் வரல. நீங்க போங்க. ஐயாகிட்ட காட்டி, இதான் நீங்க கொடுத்தது, இதான் நான் ஒட்டினதுன்னு சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தா வீட்டுக்கு வந்து என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. எப்பவும்."

*

எட்டு மணிக்கு ஆண்ட்ரூ திரும்பினார். கைக்குட்டை அவர் கையிலேயே இருந்தது. அவள் இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னேன்" என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"வராந்தால வச்சு. அவங்க சம்சாரமும் இருந்தாங்க. கப்பையும் காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"'இதையெல்லாம் எதுக்கு தம்பி வெளிய சொல்லிக்கிட்டு, போட்டுடு'ன்னார். அப்பறம் கை கொடுத்தார்."

ஜூடித் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குள் அடங்கியிருந்தது மறுபடி கிளம்பியது. கை கொடுத்தாராம். வெடித்த இரும்பைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, கை கொடுத்தாராம். ஒரு சக்கரத்தைச் சுற்றி எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அவளையும் சேர்த்து.

"அடுத்த வருஷம் ஏலம் விட மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றார் ஆண்ட்ரூ, ஏதோ கொண்டுவந்து கொடுப்பதுபோல.

"விடணும்."

அவர் நிமிர்ந்தார்.

"நீங்கதான் விடணும். பூசணிக்கா அழுகியிருந்தா அழுகியிருக்குன்னு சொல்லி விடணும். சைக்கிள் ஆடினா ஆடுதுன்னு சொல்லி விடணும். அந்தக் குரல்ல. நான் முன்னாடிதான் ஒக்காந்திருப்பேன்."

ஆண்ட்ரூ வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்த மௌனத்துக்கு எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ளவில்லை. இட்லியை எடுத்துத் தட்டில் போட்டாள்.

திங்கட்கிழமை ஐந்தே காலுக்குச் சைக்கிளை வெளியே எடுத்தாள். ஆண்ட்ரூ எழுந்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கேட்காமலே டார்ச்சோடு கூட வந்தார். தெருமுனைவரை பக்கத்தில் ஓடிவந்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. அவள் நிற்கவுமில்லை. ரயில்வே கேட்டுச் சரிவில் பிரேக்கைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்துக்குக் காது கொடுத்தாள். காற்றின் சத்தம் மட்டும்தான்.

ஏரிக்கரையில் பஸ் விளக்குகளைப் போட்டுக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. டீக்கடைக் கம்பத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, சுளுக்கிய காலை முதலில் வைத்து ஏறினாள். டிரைவர் நோட்டில் பெயரைக் குறித்துக்கொண்டு, "என்னம்மா, ரெண்டு நாளா ஆளைக் காணோம். என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

ஜூடித் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.